சம்மணமிடத் தெரியாத பொம்மை

மும்பை மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் பூ விற்பவர்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். ஒருவர் சம்மணமிட்டு, மடியில் மல்லிகையைக் கொட்டிக்கொண்டு சரம் தொடுக்கிறார். இன்னொருவர் ஒரு காலை மடக்கி, மறுகாலைக் குத்துக்காலாக நிறுத்தி, அந்த முழங்காலின் மேல் முழங்கையை ஊன்றியிருக்கிறார். தாராவி கும்பார்வாடாவில் குயவர் சக்கரத்தின் முன் குனிந்து களிமண்ணை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்திருக்கிறார். சந்துகளில் கால் நீட்டி உட்கார்ந்து அப்பளம் இடும் பெண்கள். தோல் பட்டறைகளில் தரையோடு தரையாக உட்கார்ந்து பை தைப்பவர்கள். தரையில் நடக்கிற உழைப்பு இந்த நகரத்தில் ஏராளம்.

இவர்களை வரையப் பழகும் மாணவர் ஓவியப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போனால் அநேகமாக முதலில் கண்ணில் படுவது ஒரு மரப் பொம்மை. முகமில்லாத முட்டைத் தலை, மூன்று கட்டைகளாலான உடல், உள்ளே ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டிய மூட்டுகள், காலடியில் ஒரு வட்டப் பலகை. நடப்பதுபோல், ஓடுவதுபோல், கையை உயர்த்துவதுபோல் அதை நிறுத்தலாம். சம்மணமிட வைத்தால் மட்டும் உட்காராது. தொடை பாதி வழியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். வரைவதற்கு மூட்டுப் பொம்மை வாங்கும் யாருக்கும் நான் சொல்லும் முதல் சோதனை இதுதான்: கடையிலேயே அதைச் சம்மணமிட வைத்துப் பாருங்கள். அடுத்தது குந்த வைத்து, மூன்றாவது பரதநாட்டியத்தின் அரைமண்டியில். இந்த மூன்றையும் ஓரளவாவது செய்யும் பொம்மை, நம் ஊர் மனிதர்களை வரைய உதவும்.

உட்காராததற்குக் காரணம் இடுப்புமூட்டு. நம் தொடை எலும்பின் உச்சியில் ஓர் உருண்டை இருக்கிறது. அது இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தி எல்லாப் பக்கமும் சுழல்கிறது. உருண்டைக்கும் எலும்பின் நீண்ட தண்டுக்கும் நடுவே ஒரு கழுத்துப் பகுதி உண்டு. தண்டோடு சுமார் 125 டிகிரி கோணத்தில் சாய்ந்திருக்கும் அந்தக் கழுத்து, தண்டைக் குழியிலிருந்து சற்று வெளியே தள்ளி நிறுத்துகிறது. கால் பெரிய வளைவுகளில் திரும்ப இடம் கிடைப்பது அதனால்தான். சம்மணமிடும்போது தொடை மேல்நோக்கி மடங்குகிறது, பக்கவாட்டில் விரிகிறது, கூடவே தன் அச்சிலேயே வெளிப்புறமாகச் சுழல்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். இதற்கு மேல் நம் சதையும் விட்டுக்கொடுக்கிறது. மடங்கும் இடத்தில் நசுங்கி வழிவிடுகிறது. மரமும் பிளாஸ்டிக்கும் நசுங்குவதில்லை. உருளையான தொடைக்கட்டை இடுப்புக் கட்டையில் மோதியதும் அசைவு அங்கேயே முடிந்துவிடுகிறது.

குந்துவதில் கணுக்காலும் சேர்ந்துகொள்கிறது. குதிகால் தரையில் படிந்திருக்க, முழங்கால் பாதத்துக்கு மேலாக முன்னே வர வேண்டும். இந்த அசைவு எலும்பிலேயே தடம் பதிக்கக்கூடியது. லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்த ஹேவ்லாக் சார்ல்ஸ், 1890களில் பஞ்சாபியரின் கால் எலும்புகளை ஆராய்ந்தார். கீழ்க்கால் எலும்பின் முன்விளிம்பும் பாதத்தின் மேலெலும்பும் சந்திக்கும் இடத்தில் சிறிய, வழவழப்பான தளங்களை அவர் விவரித்தார். வாழ்நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்தவர்களின் கணுக்காலில், இரண்டு எலும்புகள் தொட்டுத் தொட்டு உருவான தளங்கள் அவை. நாற்காலியில் வாழ்ந்த ஐரோப்பியரின் எலும்புகளில் அவை அரிது. உட்காரும் பழக்கம் எலும்பில் எழுதப்படுகிறது என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. அதன்பின் குந்தியிருப்பவரை வரைந்த படத்தில் குதிகால் அந்தரத்தில் தொங்கினால் உடனே கண்ணை உறுத்துகிறது.

மரப் பொம்மை நிற்பதற்காகவே பிறந்தது. 1460களில் இத்தாலியில் ஃபிலரெத்தே எழுதிய கட்டடக்கலை நூலிலேயே, மூட்டுகள் மடங்கும் சிறிய மர உருவத்துக்குத் துணி உடுத்தி வரையும் யோசனை வருகிறது. ஃப்ளாரன்ஸ் நகரத் துறவி ஓவியர் ஃப்ரா பார்த்தலோமியோ (மறைவு 1517) ஆளுயரத்துக்கே ஒன்றைச் செய்துவைத்திருந்தார். அவருடைய வாழ்க்கையை எழுதிய வசாரி, செல்லரித்துப்போன அந்தப் பொம்மை தம்மிடம் இருப்பதாகவும் அவர் நினைவாகப் போற்றி வைத்திருப்பதாகவும் குறிப்பிடுகிறார். அந்த ஓவியர்களுக்குப் பொம்மையிடம் தேவைப்பட்டது ஒன்றுதான்: துணியின் மடிப்பு நாள்கணக்கில் கலையாமல் இருக்க வேண்டும். மனிதர் மூச்சு விட்டால்கூட மடிப்பு மாறும். நிற்கும் புனிதர்களுக்கும் அங்கி தரித்த பிரபுக்களுக்கும் ஏற்றபடி செய்யப்பட்ட அந்தக் கருவியே பிற்காலத்தில் சிறிதாகி உலகெங்கும் கடைகளுக்கு வந்தது. அந்த ஐரோப்பிய முன்மாதிரி இங்கும் வந்தது: 1857இல் தொடங்கிய பம்பாய் சர் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் மாணவர்கள் முதலில் வரைந்து பழகியது கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகளை. 1919இல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற கிளாட்ஸ்டன் சாலமன் காலத்தில்தான் உயிருள்ள மாடலைப் பார்த்து வரையும் வகுப்பு அங்கே ஊன்றியது. கருவியைச் செய்தவர்கள் எந்த உடலை மனத்தில் வைத்திருந்தார்களோ அந்த உடலைத்தான் கருவி நன்றாகச் செய்யும்.

அளவைத் தேர்வதிலும் ஓர் இயற்பியல் இருக்கிறது. பொம்மை ஒரு நிலையில் நிற்பது மூட்டின் உராய்வினால். நீட்டிய கையை எடை கீழே இழுக்கிறது. உராய்வு அதைத் தடுக்கிறது. பொம்மையை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எடை எட்டு மடங்காகும். கையின் நீளமும் இரட்டிப்பதால், மூட்டைத் திருப்ப முயலும் முறுக்குவிசை பதினாறு மடங்காகிறது. மூட்டின் இறுக்கம் (பரப்பின் மேலுள்ள அழுத்தம்) அதேதான் என்றால், உராய்வின் பிடி எட்டு மடங்குதான் கூடும். ஆக, பெரிதாகப் பெரிதாகப் பொம்மை தோற்றுக்கொண்டே போகிறது. 15 செ.மீ. பொம்மையை ஆளுயரத்துக்கு வளர்த்தால் சுமார் பதினோரு மடங்கு அதிக இறுக்கம் தேவைப்படும். அந்த அளவுக்குத் திருகாணியும் தாங்குகம்பியும் இல்லாமல் முடியாது. கையடக்கப் பொம்மைகள் ஒற்றைக் காலில்கூட நிற்பதன் ரகசியம் இதுதான்.

நம் பொம்மலாட்டப் பொம்மைகளும் மூட்டுப் பொம்மைகளே. தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உள்ளவைகூட உண்டு. ஆட்டுபவர் தலையில் அணிந்த இரும்பு வளையத்திலிருந்து கயிறுகள் இறங்குகின்றன. ஆனால் அங்கே மூட்டு தளர்ந்திருக்க வேண்டும், உராய்வு எதிரி. வரைவதற்கான பொம்மையில் உராய்வுதான் உயிர். அதனால் இரண்டாவது சோதனை: கையை நேராகப் பக்கவாட்டில் நீட்டி விடுங்கள். எடையின் இழுப்பு மிக அதிகமாக இருக்கும் நிலை அது. இரவு முழுக்க வைத்து, காலையில் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்த்தால் மூட்டின் தரம் தெரிந்துவிடும். மும்பையின் மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சி, இழைக்குக் குறுக்காக உப்புகிறது. ஜூலையில் இறுகிய மரமூட்டு வறண்ட மாதங்களில் தளரும். வலிந்து திருப்பினால் முளை உடையும். மென்மையான பி.வி.சி.யின் தொல்லை வேறு வகை. அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் வெப்பத்தில் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து பிசுபிசுப்பாகும். மூடிய பெட்டியில், வெயில்படும் அலமாரியில் வைக்கக்கூடாது.

ஓவியரின் பொம்மைக்கும் விளையாட்டுப் பொம்மைக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டு. 1963இல் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் டான் லெவின், ஓவியக் கடை ஜன்னலில் மூட்டுள்ள மரப் பொம்மையைப் பார்த்ததிலிருந்து ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் பொம்மை பிறந்ததாகச் சொல்லிவந்தார். 1964இல் அது கடைக்கு வந்தது. எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல் அதன் சிறிய வடிவத்தை இந்தியாவில் தயாரித்தது. தொண்ணூறுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு அதன் இடுப்பு ரப்பர் வளையம் அறுந்து கால்கள் தனியே விழுந்தது நினைவிருக்கும். கொடுத்தது ஓவியரிடம் திரும்பி வந்தது ஜப்பானிலிருந்து. பண்டாய் 2014இல் வரைபவர்களுக்கென்றே வெளியிட்ட பாடி-குன் என்ற பொம்மை, சுமார் 15 செ.மீ. உயரத்தில் ஏராளமான மூட்டுகளோடும் மாற்றிப் பொருத்தும் கைகளோடும் வருகிறது. அதற்கு இணையாகப் பாடி-சான், ஃபிக்மா ஆர்க்கிடைப் என்று வேறு சிலவும் உண்டு. இவற்றைப் போலச் செய்த நகல்கள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. நகல்களில் முதலில் கெடுவது மூட்டின் பிடி.

இவற்றிலும் தோளை நம்ப வேண்டாம். கையைக் கீழிருந்து தலைக்கு மேல் 180 டிகிரி தூக்கும்போது, சுமார் 120 டிகிரி மட்டுமே தோள்மூட்டில் நடக்கிறது. மீதி 60 டிகிரி, தோள்பட்டை எலும்பு முதுகில் வழுக்கிச் சுழல்வதால் வருகிறது. காறை எலும்பு மேலே ஏறுகிறது, அக்குளின் வடிவம் மாறுகிறது, பக்க விலாச் சதை இழுபடுகிறது. தோள் உடலில் அறைந்த ஆணிபோல் நிற்கும் பொம்மை, தலையில் கூடை தூக்கும் பெண்ணைப் பொய்யாகவே காட்டும். காறை எலும்பின் இடத்தில் தனி மூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முன்கையும் அப்படியே. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது நம் முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றதன் மேல் குறுக்காகப் படுக்கிறது. முன்கை முழுவதுமே முறுக்கிக்கொள்கிறது. பொம்மையில் மணிக்கட்டு மட்டும் திரும்பும். இந்த இடங்களில் பொம்மையை ஒதுக்கிவிட்டுச் சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நிற்பதே நல்லது.

அளவுப் பொருத்தத்தைப் பற்றி ஒரு சொல். கடைப் பொம்மைகள் பெரும்பாலும் தலையைப் போல் எட்டு மடங்கு உயரம் கொண்ட நெடிய உடல்கள். சராசரி மனிதர் ஏழரைத் தலை உயரம்தான். நம் சிற்பிகள் இந்த விஷயத்தில் மிகத் தெளிவாக இருந்தார்கள். உருவத்துக்கு உருவம் தாளம் என்னும் உயர அளவுமுறை மாறும்: உத்தம தசதாளத்தில் உருவத்தின் உயரம் 124 பகுப்புகள் (சிற்ப அங்குலங்கள்), நவதாளத்தில் 108. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னங்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அந்தப் பகுப்புகளைக் குறிக்கிறார்கள். சிலை எந்த உயரமானாலும் அளவுகோல் அதனுள்ளிருந்தே கிடைத்துவிடுகிறது. உடல் மூன்று இடங்களில் வளைந்து திரிபங்கத்தில் நிற்கும் உருவத்துக்கு நடுவே ஒரு தூக்குநூலைப் பாவித்து, தலையும் இடுப்பும் அதிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்றும் வகுத்திருக்கிறார்கள். இந்தத் தூக்குநூல் யோசனையைப் பொம்மையிடம் பயன்படுத்தலாம். வட்டப் பலகையும் தாங்குகம்பியும் பொம்மையை விழவிடாமல் பிடித்திருக்கின்றன. மனிதருக்கு அந்த உதவி இல்லை. உடலின் எடைமையத்திலிருந்து இறங்கும் கோடு பாதங்களுக்குள் விழுகிறதா என்று ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தால், படத்தில் ஆள் சாய்ந்து விழுவது தவிரும். மாட்டுங்காவின் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திரிலோ செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடையிலோ அரைமண்டியைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். முழங்கால்கள் எவ்வளவு விரிந்தாலும் உடல் நேர்க்கோட்டில்தான் இறங்குகிறது.

பொம்மையால் மனிதரைவிட நன்றாகச் செய்ய முடிவது ஒன்று உண்டு. அது அசையாமல் ஒளியில் இருக்கும். ஆனால் சிறிய பொருளைப் பார்ப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 15 செ.மீ. பொம்மையை 30 செ.மீ. தொலைவிலிருந்து பார்ப்பது, ஆளைச் சுமார் மூன்றரை மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பதற்குச் சமம். கைபேசியைப் பத்து செ.மீ. அருகே கொண்டுபோய்ப் படம் எடுத்தால், ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் ஆளின் முகத்துக்கு நேரே நிற்பதுபோல் ஆகிவிடும். முன்னே நீட்டிய கை பூதாகரமாகும், கால்கள் சூம்பும். அப்படி எடுத்த படத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, உடற்கூறியல் தவறிவிட்டதோ என்று வருந்துபவர்கள் பலர். தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் போதும்.

விளக்குக்கும் இதே கணக்கு. ஆறு செ.மீ. அகல பல்பு, பொம்மையின் உலகில் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஒளிப்பரப்பு, நிழல்கள் மழுங்கும். பட்டறையில் தொங்கும் ஒற்றை பல்பின் கூர்மையான நிழல் வேண்டுமென்றால் கைபேசி டார்ச் சரியானது. அதன் சில மில்லிமீட்டர் ஒளிப்புள்ளி, பொம்மையின் அளவில் ஒரு சாதாரண பல்பாகிவிடுகிறது. நடுப்பகல் தெருவின் வெயிலுக்கு எந்த விளக்கும் ஈடாகாது. சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான், பொம்மைக்கும் அதே அரை டிகிரிதான். அதன் கதிர்கள் ஆளுக்கும் பொம்மைக்கும் ஏறக்குறைய இணையாகவே வருகின்றன. அதனால் பொம்மையை மொட்டைமாடி வெயிலில் வைத்தால், நிழலின் சாய்வும் விளிம்பின் மங்கலும் ஆளுக்கு விழுவதுபோலவே அதே விகிதத்தில் விழும். துணியின் மடிப்பும் வேண்டுமென்றால், ஒரு கைக்குட்டையை நனைத்து அதற்குப் போர்த்திவிட்டு, காயும் முன் வரைந்துகொள்ளலாம்.