வலைத்தளம் எழுதும் கடிதம்

மனிதன் மனிதனுக்குக் கடிதம் எழுதுவதை நாம் அறிவோம். வலைத்தளமும் கடிதம் எழுதுகிறது என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ரயிலுக்கு இடம் பதிவு செய்தால் உடனே ஒரு மின்னஞ்சல் வருகிறது. கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்றால் அதற்கும் ஒரு மின்னஞ்சல் வருகிறது. இவற்றை எழுத எவரும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. வழங்கிக் கணினியில், அதாவது சர்வரில், ஒரு சிறு நிரல் உறங்கிக் கிடக்கிறது. நாம் நிரப்பிய படிவம் வந்ததும் அது விழித்தெழுந்து, கடிதம் எழுதி, அஞ்சலிற் சேர்த்துவிட்டு மீண்டும் உறங்கிவிடுகிறது. அந்த நிரல் எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே தவறுகிறது என்பதைச் சிறிது காண்போம்.

இதை நான் ஆராயப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் படிப்புத் தொடங்கும் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து இங்கு வரவிருக்கும் புதிய மாணவர் நம் சங்க வலைத்தளத்துப் படிவத்தின் வழியே எழுதுகிறார்கள். பெரும்பாலும் கேட்பது ஒன்றே: மர்பி டவுனில் அறை கிடைக்குமா என்பது. முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கி, பின்னர் மர்பி என்னும் பொறியாளரின் பெயரைப் பெற்ற இந்தப் பகுதி, அல்சூரை ஒட்டி இருப்பது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்வது. ஊரைப் பிரிந்து வருபவன் தன் மொழி காதில் விழும் தெருவைத் தேடுவது இயல்பே அன்றோ? நானும் அப்படித் தேடி வந்து இங்குத் தங்கியவன்தான்.

படிவத்தை அனுப்பியதும் திரையில், “உங்கள் மடல் அனுப்பப்பட்டது” என்று தோன்றும். மாணவரும் நம்பிக் காத்திருப்பார். பதில் வராது. சென்ற ஆண்டு ஒரு தம்பி பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கி, “மூன்று முறை எழுதினேன் அண்ணா, ஒருவர்கூடப் பதில் போடவில்லையே” என்று கேட்டார். சங்கத்தார் மீது குற்றமில்லை. அவர்கள் கண்ணுக்கு அந்த மடல்கள் படவே இல்லை. சில குப்பைப் பெட்டியிற் கிடந்தன. சில வந்தே சேரவில்லை.

இத்தகைய படிவங்களிற் பெரும்பகுதியை இயக்குவது பி.எச்.பி. என்னும் நிரல்மொழி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1995-இல் இதனை உலகுக்கு அளித்தார். இதில் கடிதம் அனுப்ப ‘மெயில்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. யாருக்கு, என்ன தலைப்பு, என்ன செய்தி என்று மூன்றைக் கொடுத்தாற் போதும். அனுப்பிவிட்டு அது “ஆம்” என்று விடை கூறும். அந்த “ஆம்” என்பதன் பொருளைத்தான் பலர் பிழையாகக் கொள்கின்றனர். கடிதம் உரியவரிடம் சேர்ந்தது என்பது அதன் பொருளன்று. தெருமுனைச் சிவப்புப் பெட்டிக்குள் விழுந்தது என்பது மட்டுமே. பெட்டியில் விழுந்த ஓசையைக் கேட்டுவிட்டு, ஊரிலே அம்மா படித்துவிட்டாள் என்று எவரேனும் எண்ணுவரோ?

பெட்டியில் விழுந்த பின் நடப்பது இது. நம் வழங்கி, பெறுபவரின் அஞ்சற் கணினியோடு உரையாடத் தொடங்குகிறது. அந்த உரையாடலின் இலக்கணத்தை ஜான் போஸ்டெல் 1982-இல் வகுத்தார், எஸ்.எம்.டி.பி. என்பது அதன் பெயர். “வணக்கம், நான் இன்ன கணினி.” “சரி.” “இன்னாரிடமிருந்து ஒரு கடிதம்.” “சரி.” “இன்னாருக்கு.” “சரி.” “இதோ கடிதம்.” ஒரு வரியில் தன்னந்தனியே ஒரு புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று கொள்ள வேண்டும். ஒவ்வொரு “சரி”க்கும் 250 போன்ற ஓர் எண் உண்டு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகத்து மின்னஞ்சல் இந்தப் பேச்சிலேதான் ஓடுகிறது.

இதிலே ஒரு குறை கருவிலேயே அமைந்துவிட்டது. “இன்னாரிடமிருந்து” என்று சொல்வதற்குச் சான்று எதுவும் கேட்கப்படவில்லை. உறையின் மேல் அனுப்புநர் முகவரியாக நான் எவர் பெயரையும் எழுதலாம், அஞ்சல்காரர் தடுப்பாரா? கணினிகள் சிலவாக இருந்து, அவற்றை ஆண்டவர் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலத்தில் இது பொருந்தியது. இந்தியாவிலும் 1986-இல் ‘எர்னெட்’ தொடங்கியபோது பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சென்னை ஐ.ஐ.டி.யும் உள்ளிட்ட சில நிறுவனங்களே அதில் இணைந்திருந்தன. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-இல். கூட்டம் பெருகியதும் பொய்க் கையெழுத்தும் பெருகிற்று.

ஆகவே பிற்காலத்தில் மூன்று காவல்களை வைத்தனர். முதலாவது எஸ்.பி.எஃப்.: இன்ன பெயரில் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் இவை என்று பெயருக்கு உரியவர் வெளியிடும் பட்டியல். இரண்டாவது டி.கே.ஐ.எம்.: கடிதத்தின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை போன்ற ஒரு கணிதக் கையொப்பம், வழியில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முத்திரை உடைந்துவிடும். மூன்றாவது டி.மார்க்: கடிதத்திற் காணும் அனுப்புநர் பெயருக்கு இவ்விரண்டில் ஒன்றேனும் துணை நிற்காவிடில் அக்கடிதத்தை என்ன செய்வது என்று பெயருக்கு உரியவர் இடும் ஆணை. யாஹூ நிறுவனம் 2014 ஏப்ரலில், தன் பெயரில் வந்து சான்று காட்டாத கடிதங்களை ஏற்கவே வேண்டாம் என்று ஆணையிட்டது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புவோர் அனைவரிடமும் ஏதேனும் ஒரு சான்று கேட்கத் தொடங்கின.

இப்போது நம் சங்கத்துப் படிவத்திற்கு வருவோம். அதன் பழைய நிரல், படிவம் நிரப்பிய மாணவரின் முகவரியையே அனுப்புநராக எழுதிற்று. நினைத்தது நல்லதுதான், பதில் எழுதினால் நேரே அவருக்குப் போகுமல்லவா? ஆனால் அந்தப் பெயரில் எழுத நம் வழங்கிக்கு உரிமை ஏது? யாஹூ முகவரி தந்தவர்களின் மடல்கள் வாயிலிலேயே திருப்பப்பட்டன. தம்பி மூன்று முறை எழுதியதும் அப்படியே போயிற்று.

திருத்தம் எளிது. அனுப்புநர் இடத்தில் சங்கத்தின் சொந்த முகவரியை எழுதவேண்டும். பதில் செல்ல வேண்டிய முகவரி என்று தனியே ஓர் இடம் கடிதத் தலைப்பில் உண்டு. மாணவர் முகவரி அங்கே சேரவேண்டும். பின்னர், ‘மெயில்’ கட்டளையை நம்பாமல், கடவுச்சொல் கொடுத்து முறையாக நுழைந்து அனுப்பும் வழியை மேற்கொள்வது நலம். 587 என்னும் வாயில் அதற்கென்றே இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் ஜெப்டோமெயில் போன்ற சேவைகள் இந்த வேலையையே தொழிலாகச் செய்கின்றன.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். படிவத்தில் வருவதை அப்படியே கடிதத் தலைப்பிற் சேர்ப்பது ஆபத்து. தலைப்பில் ஒவ்வொரு செய்தியும் ஒரு வரி. முகவரிக் கட்டத்தில் ஒருவன் முகவரியோடு ஒரு வரிமுறிவையும் நுழைத்து, அடுத்த வரியில் ஆயிரம் பேர் முகவரியை எழுதிவிட்டால், நம் வழங்கி அவனுக்குக் கூலியில்லாத் தபால்காரன் ஆகிவிடும். 2016 டிசம்பரில், பல தளங்கள் நம்பியிருந்த பி.எச்.பி.மெயிலர் என்னும் நிரற்றொகுப்பிலேயே, அனுப்புநர் முகவரியின் வழியே வழங்கியைக் கைப்பற்ற இடந்தரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. உடனே அடைத்தனர். ஆயினும் பழைய பதிப்பை மாற்றாதவர் இன்றும் இருக்கலாம்.

இனி, தமிழருக்கே உரிய தொல்லை ஒன்று. மின்னஞ்சற் தலைப்பு ஆங்கில எழுத்துகளுக்காகவே வகுக்கப்பட்டது. 1990-களில் மலேசியாவின் முத்து நெடுமாறன் ஆக்கிய ‘முரசு அஞ்சல்’ போன்ற மென்பொருள்களால் தமிழர் தமிழில் மடல் எழுதினர். அதே எழுத்துரு பெறுபவரிடமும் இருந்தால்தான் படிக்க முடியும். யூனிகோடு வந்து அந்த இடர் தீர்ந்தது. தலைப்பு மட்டும் இன்னும் மாறுவேடம் பூண்டே போகவேண்டியிருக்கிறது. “மர்பி டவுனில் அறை” என்னும் தலைப்பைப் பாருங்கள். நம் கணக்கில் ஒன்பது எழுத்து. கணினியோ மெய்க்குப் புள்ளியையும் உயிர்மெய்க் குறியையும் தனித்தனியே எண்ணிப் பதினைந்து என்கிறது. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. இரண்டு இடைவெளிகளையும் கூட்ட 47 பைட்டு. இதனை ஆங்கில எழுத்தாக மாற்றினால் 64 எழுத்தாகும். முன்னும் பின்னும் அடையாளக் குறிகள் 12. மொத்தம் 76. விதி அனுமதிக்கும் துண்டின் நீளமோ 75!

ஓர் எழுத்து மிகுதியாகிவிட்டபடியால் தலைப்பை இரண்டு துண்டாக்க வேண்டும். எங்கே வெட்டுவது என்பதை அறியாத நிரல், மூன்று பைட்டுகளின் நடுவே வெட்டிவிடும். பெறுபவர் திரையில் ‘அறை’ இருந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கும். பி.எச்.பி.யில் ‘எம்.பி.’ என்று தொடங்கும் கட்டளைகள் எழுத்தின் எல்லை அறிந்து வெட்டுவன. அவற்றையே கையாள வேண்டும். ஆங்கிலத் தலைப்பை மட்டும் அனுப்பிச் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று கையைக் கழுவுபவர் இதனைக் காணமாட்டார்.

திருத்திய நிரலைச் சங்கத் தளத்தில் இப்போது சேர்த்திருக்கிறோம். திரையில் தோன்றும் வாசகத்தையும் மாற்றியாயிற்று: “உங்கள் மடலை அஞ்சலிற் சேர்த்துள்ளோம். மூன்று நாளில் பதில் வராவிடில் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.” பிற துறை மன்றங்களின் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் விரும்பினால், நிரலின் படியைச் சங்கச் செயலாளரிடம் கேட்டுப் பெறலாம்.