உங்களுக்குத் தெரியுமா? ராயின் ரயில்கள்

‘பதேர் பாஞ்சாலி’ படத்தில் சிறுவன் அப்புவும் அக்கா துர்காவும் ஓடிப்போய்ப் பார்ப்பது ஒரே ரயில் அல்ல, மூன்று!

கொல்கத்தாவுக்கு வடமேற்கே, பால்சிட் அருகே எடுத்த காட்சி அது. ஷாட்டுகள் பல என்பதால், அடுத்தடுத்து வந்த மூன்று ரயில்களைப் படமாக்கி ஒன்றாகக் கோத்தார் இயக்குநர் சத்யஜித் ராய். வெள்ளை நாணல் பூக்களின் பின்னணியில் கரும்புகை வேண்டுமே? படக்குழுவில் ஒருவர் முன்கூட்டியே என்ஜினில் ஏறிக்கொண்டார். சரியான இடம் வந்ததும் அடுப்பில் கரி விழுந்தது.

● இந்தக் காட்சிக்கு 1952 அக்டோபரில் முதல் நாள் படப்பிடிப்பு. ஒரு வாரம் கழித்துத் திரும்பினால் நாணல் பூக்களைக் காணோம், மாடுகள் மேய்ந்துவிட்டன! மறு பூக்காலம்வரை காத்திருந்தார்கள்.

● படத்துக்கு மூலமான விபூதிபூஷணின் நாவலில் துர்கா கடைசிவரை ரயிலையே பார்ப்பதில்லை. ரயிலைத் தேடிப் போன பிள்ளைகள் வழிதவறித் திரும்புகிறார்கள். படத்தின் புகழ்பெற்ற காட்சி, ராய் செய்த மாற்றம்.

● ராயின் ‘நாயக்’ (1966) படத்தில் உத்தம் குமார் நடித்த நாயகன், விருது வாங்க டெல்லிக்குப் போகிறார். படத்தின் பெரும்பகுதி ரயிலுக்குள்தான். ஆனால் அந்தப் பெட்டி ஓடவே இல்லை! கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா ஸ்டுடியோவில் போட்ட செட் அது. ஜன்னலுக்கு வெளியே விரையும் வயல்கள், திரையில் விழுந்த படம். ரயில் பிரியர்கள்கூட ஏமாந்துபோகும் வேலைப்பாடு.

● ‘சோனார் கெல்லா’வில் (1974) துப்பறிவாளர் ஃபெலுதா ரயிலைப் பிடிக்க விரைந்தது காரில் அல்ல, ஒட்டகத்தில்.