நவாரினோ விரிகுடாவில் ஒரு காலைப் பொழுது

கிரீஸ் தேசத்தின் தென்மேற்குக் கோடியில் பைலோஸ் என்று ஒரு சிறு பட்டினம் இருக்கிறது. அதற்கு எதிரே ஸ்பாக்டீரியா என்னும் நீண்ட தீவு, கோட்டை மதிலைப் போல் கடலை மறித்துக்கொண்டு கிடக்கிறது. மதிலுக்கு உட்புறத்தில் அடைபட்ட நீர்ப்பரப்பே நவாரினோ விரிகுடா. கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் அதில் பாதியைக்கூடப் பார்த்தவர்கள் அல்லர். படகு பிடித்துத்தான் போகவேண்டும்.

முப்பது குதிரைச் சக்திக்கு மேற்படாத சிறு இயந்திரப் படகை லைசென்ஸ் இல்லாமலே வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்லக் கிரேக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. தைரியசாலிகளுக்கு அது சரி. நீச்சல் தெரியாத நான், படகையும் படகுக்காரரையும் சேர்த்தே அமர்த்திக் கொண்டேன்.

"காலையிலேயே வந்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் வடமேற்குக் காற்று கிளம்பிவிடும். அலை எழும்பினால் அடியில் ஒன்றும் தெரியாது" என்று முதல் நாளே எச்சரித்திருந்தார் அந்தக் கிழவர்.

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பது படகு நகர்ந்த சில நிமிஷங்களில் விளங்கிற்று. கரையோரத்தில் ஒவ்வொரு கூழாங்கல்லையும் தனித்தனியே எண்ணலாம் போலிருந்தது. எங்கள் படகின் நிழல் அடித்தரையில் ஊர்ந்து எங்களுடனேயே வந்தது. மத்தியதரைக் கடலின் கீழ்ப் பகுதியில் நீர்ப்பாசிகளுக்கு வேண்டிய உரச்சத்து மிகவும் குறைவு. பாசி வளராததால் தண்ணீர் ஸ்படிகமாகிறது. நாம் கண்டு மயங்கும் தெளிவு உண்மையில் கடலின் வறுமைதான்! சிறிது தூரம் சென்றதும் தரை திடீரென்று சரிந்து, நீலம் கறுத்து, நிழலும் மறைந்துவிட்டது.

விரிகுடாவின் நடுவே கிழவர் இயந்திரத்தை நிறுத்தினார். "கீழே பாருங்கள்" என்றார். பார்த்தேன். இருண்ட திட்டு ஒன்று தெரிந்தாற்போல் இருந்தது. என் ஆசைதான் கண்ணில் அப்படித் தெரிந்ததோ என்னவோ! ஆனால் அங்கே கப்பல்கள் கிடக்கின்றன என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

1827-ம் வருஷம் அக்டோபர் 20-ந் தேதி, துருக்கி, எகிப்து தேசங்களின் கப்பற்படை இங்கே குதிரை லாடத்தின் வடிவில் நங்கூரம் பாய்ச்சி நின்றது. கிரேக்கர்கள் துருக்கிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து ஆறு வருஷம் கடந்திருந்த சமயம் அது. பிரிட்டிஷ், பிரெஞ்சு, ருஷியக் கப்பல்கள் இருபத்தேழு, தெற்கு வாயில் வழியாக உள்ளே நுழைந்து, அந்த லாடத்தின் நடுவிலேயே நங்கூரம் போட்டன. சுடுவதில்லை என்றுதான் ஏற்பாடு. யாரோ சுட்டார்கள். நாலு மணி நேரத்தில் எதிர்ப் படையின் பெரும் பகுதி எரிந்தும் மூழ்கியும் நாசமாயிற்று. நேசக் கட்சியாருக்கு ஒரு கப்பல்கூட நஷ்டமில்லை. பாய்க் கப்பல்கள் மட்டுமே மோதிக்கொண்ட பெரிய கடற்போர்களில் இதுவே கடைசி. 1830-ல் கிரீஸ் சுதந்திர நாடென்று வல்லரசுகள் ஒப்புக்கொண்டன.

இதெல்லாம் கிழவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் அறியாத விஷயம் ஒன்று என்னிடம் இருந்தது. பிரிட்டிஷ் தளபதி காட்ரிங்டன் ஏறி வந்த எண்பத்து நாலு பீரங்கிக் கப்பலின் பெயர் 'ஏஷியா'. அதை 1824-ல் கட்டி மிதக்கவிட்டது பம்பாய்த் துறைமுகம். கட்டியவர்கள் வாடியா வம்சத்துப் பார்ஸிகள். மரம் நம் நாட்டுத் தேக்கு.

"அப்படியானால் எங்களை விடுவித்தது உங்கள் கப்பல்!" என்றார் கிழவர்.

"கப்பல் செய்தது மட்டும் நாங்கள். அதில் பறந்த கொடி எங்களுடையதல்ல" என்றேன்.

"அப்போது உங்களுக்குச் சுதந்திரம் இருந்ததா?"

"இல்லை. அதன் பிறகு நூற்றிருபது வருஷம் காத்திருந்தோம்."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு படகைத் திருப்பி, விரிகுடாவின் நடுவிலுள்ள கெலோனாகி என்ற சிறு பாறைத் தீவுக்கு, நான் கேட்காமலே கொண்டுபோனார். அங்கேதான் பிரிட்டிஷ் மாலுமிகளின் ஞாபகச் சின்னம் இருக்கிறது. பைலோஸ் சதுக்கத்திலும் மூன்று தளபதிகளின் உருவம் பொறித்த ஸ்தம்பம் உண்டு. தச்சர்களுக்கு எங்கும் ஒன்றும் காணோம். 'ஏஷியா' மட்டும் மற்றக் கப்பல்களைப்போல் அற்பாயுளில் போகவில்லை. 1908-ல்தான் அதைக் கடற்படையிலிருந்து விற்றுத் தீர்த்தார்கள். தேக்கின் குணம் அது.

சொன்னபடியே காற்று கிளம்பிவிட்டது. நீர் சுருங்கி, ஆழமெல்லாம் மூடிக்கொண்டது. கரையில் இறங்கி வாடகையை நீட்டினேன். கிழவர் எண்ணிப் பார்த்து, கெலோனாகிக்குப் போன நேரத்துக்கு உரியது என்று ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.