உங்களுக்குத் தெரியுமா? வயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்க வேண்டும்!

900 மெகாவாட் கொள்ளளவுள்ள நுரைச்சோலை லக்விஜய அனல் மின் நிலையத்துக்கு வரும் பெரிய நிலக்கரிக் கப்பல்கள் கரையை அண்ட முடியாது. கடலில் நங்கூரமிட்டு நிற்க, பார்ஜ் படகுகளே கரியை இறங்குதுறைக்குச் சுமந்து வருகின்றன.

இத்தகைய துறைகளில் தண்டவாளத்தில் நேர்கோட்டில் நகரும் இயந்திரங்களுக்கு இரு முனையிலும் எல்லை சுவிட்சுகள் உண்டு. முதலாவது வேகத்தைக் குறைக்கும், அடுத்தது நிறுத்தும். இரண்டும் தவறினால் கடைசியில் மோதலைத் தாங்கும் தடுப்பு.

நிறுத்தும் சுவிட்சில் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், அழுத்தினால்தான் அறும். எனவே எலி வயரைக் கடித்தாலும், புத்தளத்து உப்புக் காற்று இணைப்பை அரித்தாலும் இயந்திரம் நின்றுவிடும். எவ்வளவு அருமையான ஏற்பாடு!

புதிதாகப் பொருத்தியதும் மோட்டருக்கு மின் கொடுக்காமல் ஒவ்வொரு சுவிட்சையும் கையால் அழுத்தி, கட்டுப்பாட்டுப் பெட்டியில் விளக்கு மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு இயந்திரத்தை நடுவில் வைத்து, ஆமை வேகத்தில் ஒரு சாண் தூரம் மட்டும் நகர்த்துவார்கள். ஏன் நடுவில்? மூன்று பேஸ் வயர்களில் இரண்டு இடம் மாறியிருந்தால் மோட்டர் எதிர்த்திசையில் சுழலும். வலப்பக்கம் போகச் சொன்னால் இடப்பக்கம் ஓடும். கட்டுப்பாடோ வலமுனை சுவிட்சுக்காகக் காத்திருக்கும். இடமுனையில் மோதும்வரை எதுவும் அதைத் தடுக்காது.

இந்த வேலை பழகும் தம்பி, தங்கைகளே, மோட்டரின் பிரதான சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப்பையில் போட்ட பிறகே எல்லை சுவிட்சில் கை வையுங்கள்.