காலகேயரின் ஊர் எது?

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் 'பாகுபலி' படத்தை மூன்றாம் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். காலகேயரோடு நடக்கும் போர் முடிந்ததும் என் பக்கம் திரும்பினான். "ஆச்சி, மகிழ்மதியக் காட்டுனாங்க. இந்தக் காலகேயனுவ ஊரக் காட்டலியே?"

களக்காட்டுக்காரிக்கு இதற்குப் பதில் தெரியாமலா போகும் என்று எண்ணினேன். எங்கள் மலைத்தொடரில்தானே அகத்தியரின் பொதிகை இருக்கிறது! மகாபாரதத்தின் வனபருவத்தில் காலகேயர் கதை அவரோடு சேர்ந்தே வருகிறது. தங்கள் தலைவன் விருத்திராசுரன் மாண்டபின் அவர்கள் கடலுக்குள் ஒளிந்தார்கள். பகலில் தலைகாட்ட மாட்டார்கள். இரவில் கரையேறி ஆசிரமங்களில் புகுந்து முனிவர்களைக் கொல்வார்கள். விடிந்தால் எலும்புகள்தான் கிடக்கும். இன்று கெரில்லாப் போர் என்கிறோமே, அதேதான். கண்ணில் படாத எதிரியைத் தேவர்படை என்ன செய்யும்? அகத்தியர் கடலையே குடித்தார். ஒளிய இடம் இல்லாமல் போனது, தேவர்கள் வென்றார்கள்.

2015-இல் படத்தின் இயக்குநர் ராஜமௌலி எடுத்துக்கொண்டது பெயரை மட்டும். அவருடைய காலகேயர் வெட்டவெளியில், ஆள்பலத்தை நம்பி மோதுகிறார்கள். எதிரே பாகுபலியின் நாடான மகிழ்மதியின் திரிசூல வியூகம். மதன் கார்க்கி அவர்களுக்காகச் சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட 'கிளிக்கி' மொழியை உருவாக்கினார். அதில் 'நான்' என்பதற்கு 'மின்'. திருப்பிப் போட்டால் 'நிம்', அதாவது 'நீ'. எதிரியும் நம்மைப் போன்றவன்தான் என்பதை இதைவிட அழகாக ஒரு மொழி சொல்லுமா? படம் அதைக் காதில் வாங்கவில்லை. கரியைப் பூசி, உறும விட்டு, வெட்டிச் சாய்க்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் கருப்பு. அந்தப் பூச்சு எனக்கு வலித்தது.

காலகேயர் சிறைபிடித்தவர்களைக் கேடயமாக நிறுத்தும்போது, அரியணைக்குப் போட்டியிடும் பல்வாள்தேவன் அவர்கள்மீதே தேரை ஓட்டுகிறான், பாகுபலி காப்பாற்றுகிறான். அரியணை அவனுக்குக் கிடைப்பது அதனால்தான். எனக்குப் பிடித்த கட்டம் அது. ஆனாலும் அவன் காப்பாற்றியது தன் நாட்டு மக்களை. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு விடுமுன் பெண்களையும் நோயாளிகளையும் பசுக்களையும் பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொன்னதாக நெட்டிமையார் புறநானூற்றில் பாடுகிறார். அந்த எச்சரிக்கை பகைநாட்டாருக்கு.

செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' (2010) வேறு மாதிரி. தீவில் ஒளிந்து வாழும் அந்தக் கற்பனைச் சோழர்களுக்குக் கடல், பாம்பு, பசி, புதைகுழி என ஏழு தடைகளே கோட்டை. அவர்களுடைய பசியையும் பெண்களையும் அரசனின் தவிப்பையும் முதலிலேயே பார்த்துவிடுகிறோம். அதனால் துப்பாக்கிப் படை வந்து இறங்கும்போது நம் வயிறு கலங்குகிறது. போர்க்கதை என்றால் எனக்கு அதுதான்.

மாயக்கதை எழுத வரும் பிள்ளைகளே, எதிரிப் படையைக் களத்தில் இறக்கும் முன் அவர்கள் ஊரில் ஓர் அடுப்பையாவது எரியவிடுங்கள்.