விசிறியில் விரிந்த நட்பு

வேனிற்காலத்தில் வெயிலில் நடந்து வருவோர்க்குத் தண்ணீர் தந்து, பனையோலை விசிறியால் வீசி இளைப்பாற்றுதல் தமிழர் விருந்தோம்பலில் ஒன்றாகும். முரசு கட்டில் என்று அறியாது அதன்மேல் துயின்றார் மோசிகீரனார் என்னும் புலவர். சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அவரை ஒறுத்தானல்லன். அவர் துயில் எழுமளவும் அருகில் நின்று கவரி வீசினான். இச்செய்தி புறநானூற்றால் அறியப்படுவது. வீசும் செயலால் அன்பைப் புலப்படுத்தினான் சேரன். விசிறியையே அன்பின் பரிசாக ஆக்கினர் சீன நாட்டுக் கற்றோர்.

மடக்கு விசிறி ஜப்பானில் தோன்றிச் சீனத்திற் புகுந்தது. மிங் மரபினர் ஆட்சியில் (1368–1644) அது பெருவழக்காயிற்று. சூச்சோ நகரத்து ஓவியர்களாகிய ஷென் சோ (1427–1509), அவர் மாணாக்கர் வென் செங்மிங் (1470–1559) முதலியோர் விசிறித் தாளில் மலையும் ஆறும் மரமும் தீட்டினர்.

அது எளிய செயலன்று. விசிறித் தாள் மேலே அகன்றும் கீழே குறுகியும் வளைந்திருக்கும். ஓங்கிய மலையை நிமிர்த்தி வரைய அதில் இடமில்லை. ஆதலின் மலைகளை ஒருபுறம் ஒதுக்கி, நடுவே வெறுந்தாளையே நீர்ப்பரப்பாக விட்டு, அதில் சிறு படகொன்றை மிதக்கவிடுவர். ஒருமுறை படிந்த மையை அழித்துத் திருத்தவும் இயலாது.

ஓவியத்தின் ஓரத்தில், இன்னார்க்காக வரையப்பட்டது என்னும் குறிப்பும் இடம்பெறும். மறுபக்கத்தில் பாட்டு எழுதித் தருதலும் உண்டு. பதவி ஏற்றுத் தொலைவூர் செல்லும் நண்பன் அதனைத் தன் சட்டைக் கையினுள் வைத்துச் செல்வான். விரிக்குந்தோறும் பிரிந்தவரை நினைவான்.

நாளும் கையாளும் விசிறி விரைவில் கிழிந்துபோவது இயல்பு. அதனை அறிந்தோர், மூங்கிற் சிம்புகளைக் கழற்றிவிட்டுத் தாளை மட்டும் ஏட்டில் ஒட்டிக் காத்தனர். அத்தகைய ஏடுகள் அருங்காட்சியகங்களில் இன்றும் உள்ளன. மலைகளின் குறுக்கே ஓடும் மடிப்புத் தழும்புகள் அவற்றில் மறையாது நிற்கின்றன.

இவ்வழக்கத்தை நம் நாட்டுக் கவிஞரும் நேரிற் கண்டார். 1924-ஆம் ஆண்டு இரவீந்திரநாத் தாகூர் சீனத்திற்குச் சென்றார். சீனத்திலும் ஜப்பானிலும் அவருடைய அன்பர்கள் விசிறிகளிலும் பட்டுத் துணிகளிலும் அவர் கையெழுத்தாகச் சில வரிகள் எழுதித் தருமாறு வேண்டினர். அங்ஙனம் தொடங்கிய சிறு பாக்களே பின்னர் ‘மின்மினிகள்’ என்னும் பொருள்படும் பெயரோடு 1928-இல் ஆங்கில நூலாக வெளிவந்தன.

விலை மிக்கதே சிறந்த பரிசு என்று கருதுவோர், அவ்வேடுகளில் உள்ள தழும்புகளை எண்ணிப் பார்ப்பாராக. ஓவியத்திற்கு அவை குறையாகலாம். ஒரு நண்பன் அவ்விசிறியைப் பலகாலும் விரித்து மகிழ்ந்தான் என்பதற்கு அவையே சான்று.