ஜாமீன் கையெழுத்தும் அதன் பொறுப்பும்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால் மலைக் கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை ஒன்றுண்டு. “நான் கையெழுத்துத்தானே போட்டேன், பணத்தைக் கண்ணாலும் பார்க்கவில்லையே!” என்பதே அது. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வாறு சொல்லுகிறவர் பொய்யரல்லர். உறவினருடைய நாணயத்திற்குச் சாட்சி சொன்னதாகவே அவர் எண்ணியிருந்தார். ஆனால் ஜாமீன் சாட்சியன்று. அதுவும் ஒரு கடனே.

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதிக்கொண்டாலன்றி, கடன் வாங்கினவருடைய பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாருடைய பொறுப்பும் அவ்வளவே. “முதலில் அவர் சொத்தை ஏலமிட்டுவிட்டு, மிச்சத்திற்கு என்னிடம் வாருங்கள்” என்று சொல்ல இடமில்லை. பீகார் பாங்கு வழக்கு ஒன்றில் கீழ்க்கோர்ட்டு அத்தகைய நிபந்தனையை விதித்தது; ஐகோர்ட்டும் அதை ஒப்புக்கொண்டது. 1968-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்நிபந்தனையைத் தள்ளி, ஜாமீன்தாரிடம் வசூலிப்பதைத் தள்ளிப்போடச் சொல்வது ஜாமீனின் நோக்கத்தையே கெடுக்கும் என்று தீர்மானித்தது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒருவர் ரூ. 60,000 கடன் பெறுகிறார். அவருக்கு ஜாமீன்தார் இருவர். அசலில் ரூ. 15,000 கட்டியபின் தவணை நின்றுவிடுகிறது. பாக்கி ரூ. 45,000. ஜாமீன்தார் ஒவ்வொருவரும் பாதிக்கே பொறுப்பு என்று நினைப்பர். அப்படியன்று, முழுத்தொகையையும் வட்டியுடன் ஒருவரிடமே கேட்கலாம். கட்டியவர் பிறகு மற்ற ஜாமீன்தாரிடம் பாதியை, அதாவது அசலில் ரூ. 22,500-ஐக் கேட்டுப் பெற வேண்டும்.

இனிச் சேர்வராயன் மலைக்குரிய அபாயம் ஒன்றைக் கவனியுங்கள். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். இன்றும் பலருடைய வரவு காப்பியையும் மிளகையும் பொறுத்தது. பூப்பதற்கு வேண்டிய கோடைமழை தவறினாலும், செடியில் தண்டுத் துளைப்பான் புகுந்தாலும், யோக்கியரும் தவணை தவறுவார். 1989-ல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை நின்றபின் விலை சரிந்தது. 2001-ஐ ஒட்டிய வருஷங்களிலும் கடுமையாக வீழ்ந்தது. அவ்விதச் சமயத்தில் ஜாமீன்தாருடைய தோட்டத்திலும் அதே நஷ்டந்தானே? ஆகவே, தம் வீட்டிலும் பணமில்லாத அதே வருஷத்தில்தான் அவர் பிறர் கடனைக் கட்ட நேரிடும். ஆளுக்கு ஆள் மாற்று ஜாமீன் கொடுத்துக்கொள்வதும் இக்காரணத்தால் பலமற்றது. ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுவார்.

அப்படியாயின் ஜாமீனே கூடாதோ? அப்படியன்று. அடமானம் வைக்க நிலப்பட்டா இல்லாத ஏழைக்கு அண்டைவீட்டார் நம்பிக்கையே மூலதனம். 1904-ல் சென்னை மாகாணத்துத் திரூரில் தோன்றிய கடன் சங்கம் முதலாக நமது இயக்கம் அந்நம்பிக்கையின்மேல் வளர்ந்ததே. அறியாமல் போடும் கையெழுத்துத்தான் அந்நம்பிக்கையைக் கெடுக்கிறது.

கையெழுத்திடுமுன் கேட்கவேண்டியவை: தொகையும் வட்டியும் எவ்வளவு? பணம் எதற்கு? தவணை அறுவடைக் காலத்தோடு ஒத்திருக்கிறதா? வேறு கடன்கள் உண்டா? இந்த ஒரு கடனுக்கா, இனி வாங்கும் கடன்களுக்கும் சேர்த்தா? கடைசியாக, முழுத்தொகையும் நம் தலையில் விழுந்தால், நிலத்தை விற்காமல் கட்ட இயலுமா? இயலாதெனில், மறுத்துவிடுதலே உறவைக் காக்கும். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம். பத்திரத்தின் நகலைப் பெற்றுக்கொள்ளவும்.

கையெழுத்திட்ட பின்னும் வருஷம் இருமுறை சங்கக் காரியதரிசியிடம் பாக்கியை விசாரிக்கவும். தொடர் ஜாமீனாயின், இனிமேல் வழங்கும் கடன்களைப் பொறுத்து, எழுத்துமூலம் அறிவித்து விலகிக்கொள்ளலாம். முன்பு வழங்கிய கடனுக்குப் பொறுப்பு நீங்காது. கட்டநேர்ந்தால் ரசீதைப் பத்திரப்படுத்தவும். கட்டிய தொகையைக் கடன்காரரிடமிருந்து பெறவும், அவர் ஈடாக வைத்தவற்றின்மேல் உரிமை கொள்ளவும் சட்டம் இடந்தருகிறது.

தவணை தவறுமென்று தோன்றினால், கடன்காரரும் ஜாமீன்தாரும் ஒருங்கே சங்கத்திற்கு வந்து, நோட்டீஸ் பிறக்குமுன் உள்ளதைச் சொல்வார்களாக. மறைத்துவைத்த பாக்கி வட்டியோடு வளரும். உறவு அதனோடு தேயும்.